பள்ளித் தோட்டம்: நம் பிள்ளைகளின் மற்றொரு பாடநூல்

ஒரு பங்கின் விழா மலரைப் புரட்டினால் கோயில் கட்டிய வரலாறு இருக்கும். கொடிமரம் நட்ட ஆண்டு, மணி வாங்கிய ஆண்டு, பணியாற்றிய குருக்களின் வரிசை, பக்த சபைகளின் அறிக்கை ஆகியவை இருக்கும். கோயிலை அடுத்துப் பள்ளியின் கதையும் தவறாமல் இடம்பெறும். வகுப்பறைகள் எத்தனை, ஆசிரியர்கள் எத்தனை பேர், தேர்ச்சி விழுக்காடு என்ன என்று பெருமையோடு கணக்குச் சொல்வோம். ஆனால் பள்ளிக் கிணற்றடியில் கிடக்கும் நான்கு பாத்திகளுக்கு வரலாறு எழுதுவார் இல்லை. இடம் போதவில்லை என்றால் முதலில் சிமெண்டு பூசப்படுவதும் அந்த நான்கு பாத்திகளே.

அந்தப் பாத்திகளுக்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. ஒரு துறவியின் பட்டாணிச் செடிகளும், ஏழைக் குடியிருப்பில் பள்ளி நடத்திய ஒரு பெண் மருத்துவரின் உழைப்பும், நம் மாநிலத்தையே உலுக்கிய ஒரு கல்விச் சர்ச்சையும் அந்த வரலாற்றில் அடங்கும். அதைச் சுருக்கமாக எடுத்துரைத்து, காட்டுப்பள்ளி, மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அதனால் விளையக்கூடிய நன்மையைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணலே பலகை, ஓலையே ஏடு

'பள்ளி' என்ற சொல்லுக்குத் தமிழில் பல பொருள்கள் உண்டு. குடியிருப்பு, துறவியர் தங்குமிடம், வழிபாட்டு இடம், கல்விக்கூடம் என எல்லாமே பள்ளிதான். நம் ஊர்ப் பெயரில் அந்தச் சொல் காட்டோடு சேர்ந்தே நிற்கிறது. காடும் பள்ளியும் ஒன்றுக்கொன்று அந்நியம் என்று நம் முன்னோர் எண்ணவில்லை போலும்!

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே குழந்தை முதன்முதலில் எழுதியது மணலில். விரலால் 'அ' எழுதி, கையால் அழித்து, மீண்டும் எழுதியது. கை பழகிய பின்னர் பனையோலையும் எழுத்தாணியும் வந்தன. ஆக, எழுதும் பலகையை மண் தந்தது. ஏட்டை மரம் தந்தது. நம் கடற்கரையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

இந்த மணற்பலகை ஒரு முறை கடல் கடந்து புகழ்பெற்றது. 1789-ல் சென்னையில் ஓர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், நம் நாட்டுப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் எழுதக் கற்பதைக் கண்டார். தம் இல்லத்திலும் அதைப் புகுத்தினார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லித்தரும் முறையையும் கையாண்டார். நம் சட்டாம்பிள்ளையை நினைவூட்டும் முறை அது. தாயகம் திரும்பிய பின் 1797-ல் அவர் வெளியிட்ட நூலின் வழியாக அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுவதும் பரவியது. காலடியில் கிடக்கும் மண்ணே நல்ல கல்விக் கருவியாகும் என்பதற்கு நம் மாநிலத்திலிருந்தே சென்ற சான்று இது.

ஆனால் மணலில் எழுதுவது வேறு, மண்ணிலிருந்தே படிப்பது வேறு. இரண்டாவது கலை, தோட்டமாகப் பள்ளிக்குள் நுழைந்த கதையை அடுத்துக் காண்போம்.

பங்குக் குருவும் ஊர்ப் பள்ளித் தோட்டமும்

பள்ளியோடு ஒரு தோட்டம் இருக்க வேண்டும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் மொராவிய நாட்டுக் கல்வியாளர் கொமேனியஸ். மரம், செடி, பூ ஆகியவற்றைக் கண்டு பிள்ளைகளின் கண்கள் மகிழ வேண்டும் என்பது அவர் கருத்து. 1837-ல் ஜெர்மனியில் சிறு குழந்தைகளுக்கென ஒரு கல்விக்கூடம் தொடங்கிய பிரோபெல், 1840-ல் அதற்கு 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டார். 'குழந்தைகளின் தோட்டம்' என்பது அதன் பொருள். இது வெறும் உவமை அன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி, அவற்றைச் சுற்றிலும் எல்லோருக்கும் பொதுவான பாத்திகள் என்று அவர் திட்டமே வகுத்திருந்தார். தன் பாத்தியில் பொறுப்பும் பொதுப் பாத்தியில் ஒற்றுமையும் வளரும் என்று அவர் நம்பினார். இன்று நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு கிண்டர்கார்டன் பலகை தொங்குகிறது. பலகையில் இருக்கும் தோட்டம் உள்ளே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதே காலத்தில், அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் ஒரு சிற்றூரில் நிகழ்ந்தது நம்மைப் போன்ற பங்கு மக்களுக்குச் சிறப்பான செய்தி. ஹைன்சென்டார்ஃப் என்பது அவ்வூரின் பெயர். அங்குள்ள ஊர்ப் பள்ளியில் எழுத்தும் கணக்கும் போக, பழமரம் வளர்த்தலும் தேனீ வளர்ப்பும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டன. அப்பகுதியின் பங்குக் குரு யோஹான் ஷ்ரைபர் பழமரச் சாகுபடியில் தேர்ந்தவர். ஊராரிடையே அதைப் பரப்பியவர். அந்தப் பள்ளியில் படித்த குடியானவர் மகன் ஒருவன், 1822-ல் பிறந்தவன், தந்தையோடு பழத்தோட்டத்திலும் வேலை செய்தான். பின்னர் 1843-ல் பிர்னோ நகரிலுள்ள அகுஸ்தீன் சபை மடத்தில் சேர்ந்தான். அவர்தான் கிரகோர் மெண்டல்.

மெண்டல் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். ஆசிரியர் தகுதித் தேர்வில் அவரால் வெற்றிபெற முடியவில்லை என்பது வியப்பான செய்தி. ஆனால் மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை எட்டு ஆண்டுகள் பட்டாணிச் செடிகளை வளர்த்து, ஒன்றோடொன்று மகரந்தம் சேர்த்து, விளைந்த விதைகளை எண்ணினார். ஒரு சோதனையில் உருண்டை விதைகள் 5474, சுருங்கிய விதைகள் 1850. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று! இவ்வாறு ஏழு பண்புகளை ஆராய்ந்து, பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளுக்கு எவ்விதி வழியாகச் செல்கின்றன என்பதை அவர் கண்டறிந்தார். 1866-ல் அச்சான அவருடைய கட்டுரையின் மதிப்பை உலகம் 1900-ல்தான் உணர்ந்தது. அவர் 1884-லேயே இறைவனடி சேர்ந்துவிட்டார். இன்றைய மரபியல் என்னும் அறிவியலுக்கு அடிக்கல் அந்தத் தோட்டத்தில் நடப்பட்டது.

மெண்டலின் சிறப்பு செடி வளர்த்ததில் மட்டும் இல்லை. அதை எத்தனையோ தோட்டக்காரர்கள் அவருக்கு முன்பே செய்தனர். அவர் எண்ணினார், எண்ணியதை எழுதினார், எழுதியதைக் கணக்கிட்டுப் பார்த்தார். தோட்டம் கல்வியாவது அந்த இடத்தில்தான்.

ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பிலிருந்து அடையாற்றுக்கு

நம் சென்னையோடு நேரடித் தொடர்புடைய மற்றொரு கதைக்கு வருவோம். இத்தாலி நாட்டில் 1896-ல் மருத்துவப் பட்டம் பெற்றவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907 ஜனவரி 6-ஆம் நாள் ரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றுவிட, படிக்கட்டுகளிலும் சந்துகளிலும் திரிந்த குழந்தைகளே அவருடைய முதல் மாணவர்கள். தொழிற்பேட்டைகளும் துறைமுகங்களும் சூழ்ந்த நம் வட்டாரத்தார் இதை எளிதில் புரிந்துகொள்வர்.

குழந்தைகள் இல்லங்களின் முற்றத்தில் தோட்டம் வேண்டும் என்பதும், அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்கு நிலம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதும் அம்மையாரின் முறையில் அடங்கும். செடி வளர்ப்பதால் பிள்ளை அடையும் பயன்களை அவர் தம் நூலில் வரிசைப்படுத்துகிறார். உயிர்களின் வளர்ச்சியை உற்று நோக்கும் பழக்கம் முதலாவது. ஆசிரியர் ஏவாமலே, 'இன்று தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி வாடிவிடும்' என்று தானே முன்னறிந்து நடக்கும் பொறுப்பு இரண்டாவது. விதைத்தது முளைக்கும் வரை நம்பிக்கையோடு காத்திருக்கும் பொறுமை மூன்றாவது. இந்தப் பொறுமையை அவர் ஒருவகை விசுவாசம் என்றே கருதினார்.

அனுபவத்தில் கண்ட நுட்பம் ஒன்றையும் அம்மையார் கூறுகிறார். குழந்தைக்கு விதைப்பதைக் காட்டிலும் அறுவடையில்தான் ஆர்வம் மிகுதி. ஆகவே நெடுநாள் காத்திருக்கவைக்கும் பயிரை மட்டும் கொடுத்தால் அது சலித்துப்போகும். விரைவில் பலன் தந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கக்கூடிய பயிரும் வேண்டும். கீரைப் பாத்தியின் அருமை நமக்குத் தெரியாததா?

இந்த அம்மையார் 1939-ல் தம் மகன் மாரியோவோடு சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில், ஓலை வேய்ந்த கொட்டகைகளில், சுமார் 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராக இறங்கியதும், 1940-ல் அவர் எதிரி நாட்டவராகக் கருதப்பட்டு வெளியே செல்லத் தடை விதிக்கப்பட்டது. மகன் சிறை முகாமுக்கு அனுப்பப்பட்டார். அம்மையாரின் 70-ஆவது பிறந்த நாளையொட்டி மகனை விடுவித்தது அன்றைய அரசு. பின்னர் அவர்கள் கொடைக்கானலில் தங்கிய காலத்தில், மலையும் காடும் ஓடையும் சூழ்ந்த இடத்தில், இலைகளையும் பூச்சிகளையும் நீர்வாழ் உயிர்களையும் கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். உலகத்தில் உள்ள ஒவ்வொன்றும் மற்றொன்றுக்கு ஊழியம் செய்து வாழ்கிறது என்று காட்டும் அவருடைய கல்விக் கருத்து அங்கேதான் விரிவடைந்தது. போர் முடிந்து 1946-ல் ஐரோப்பா திரும்பிய அவர், மீண்டும் இந்தியா வந்து பணியாற்றி, 1952-ல் மறைந்தார். இன்று உலகெங்கும் பேசப்படும் ஒரு கல்விமுறையின் முக்கியமான பகுதி தமிழ் மண்ணில் உருவானது என்பது பலர் அறியாத உண்மை.

ஆதாரக் கல்வியும் ஒரு கசப்பான பாடமும்

இதுவரை சொன்னவை தோட்டத்தின் வெற்றிக் கதைகள். வரலாறு என்றால் மறுபக்கத்தையும் சொல்லத்தானே வேண்டும்!

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் தம் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்கு உருவம் கொடுத்தது. நூல் நூற்றல், தோட்ட வேலை, தச்சு போன்ற ஒரு கைத்தொழிலை மையமாக வைத்து மற்றப் பாடங்களைக் கற்பிப்பது இதன் சாரம். பிள்ளைகள் செய்யும் பொருளின் வருவாயிலிருந்தே பள்ளியின் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம் என்ற எண்ணமும் இதில் இருந்தது. தமிழ்நாட்டில் தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்த்த இராமகிருஷ்ண வித்தியாலயமும், டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரன் அவர்களும் 1947-ல் திண்டுக்கல் அருகே தொடங்கிய காந்திகிராமமும் இந்த நெறியில் சிறந்து விளங்கின. மூத்தவர்களுக்கு 'ஆதாரப் பள்ளி' என்ற பெயர் இன்றும் நினைவிருக்கும்.

ஆனால் நல்ல ஆசிரியரும் நல்ல நோக்கமும் இல்லாத இடங்களில் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மண்வெட்டி இருக்கும், பாடம் இருக்காது. இராட்டை இருக்கும், கணக்கு இருக்காது. பெற்றோரின் மனத்தில் ஐயம் எழுவது இயல்பே.

அந்த ஐயம் பெருந்தீயாக மூண்டது 1953-ல். அன்றைய முதலமைச்சர் இராஜாஜி அவர்கள் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் நாள்தோறும் மூன்று மணி நேரம் பள்ளியில் படிப்பர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலையோ வேறு கைத்தொழிலையோ கற்பர். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில், ஒரே கட்டடத்தில் இரு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அரசின் வாதம். ஆனால் குயவர் பிள்ளை குயவராகவும், வண்ணார் பிள்ளை வண்ணாராகவும், கூலிக்காரர் பிள்ளை கூலிக்காரராகவுமே நின்றுவிட இது வழிசெய்யும் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் மற்றும் பலரும் கடுமையாக எதிர்த்தனர். 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 1954-ல் இராஜாஜி பதவி விலக, காமராசர் முதலமைச்சரானார். அவ்வாண்டிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது.

இவ்வரலாற்றைப் பள்ளித் தோட்டத்தை விரும்பும் எவரும் மறத்தல் ஆகாது. வலை இழுத்தும், கூலி வேலை செய்தும், ஆலை வாசலில் நின்றும் பிள்ளையைப் படிக்கவைக்கும் தாய், 'மண்வெட்டி பிடிக்கவா என் மகனைப் பள்ளிக்கு அனுப்பினேன்?' என்று கேட்டால், அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது. அதற்கு நாம் தரும் விடை சொல்லில் இருந்தால் போதாது. தோட்டம் நடக்கும் முறையில் இருக்க வேண்டும். பாட நேரத்தைத் தோட்டம் விழுங்கக் கூடாது. தண்டனையாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லக் கூடாது. ஏழைப் பிள்ளை களை பறிக்க, வசதியுள்ள பிள்ளை வகுப்பில் அமர்ந்திருக்கும் நிலை ஒருநாளும் வரக் கூடாது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு பாத்தி, ஒரே அளவு வேலை, ஒரே வகை நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். அப்போதுதான் அது கல்வி. இல்லையேல் அது கூலி இல்லாத வேலை.

சோற்றோடு சேர்ந்த கீரை

காமராசர் ஆட்சியில் 1956-ல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், எம். ஜி. ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1-ஆம் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் பள்ளித் தோட்டத்துக்கு ஒரு புதிய காரணத்தைத் தந்தன. பிள்ளை உண்ணும் குழம்பில் முருங்கைக் கீரையும் காயும் சேர வேண்டும் அல்லவா? 2019 அக்டோபரில் மத்திய அரசு பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டங்கள் அமைப்பதற்கென வழிகாட்டு நெறிகளையே வெளியிட்டது. பிள்ளைகள் தாங்கள் வளர்த்த கீரையைத் தாங்களே உண்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. தட்டில் ஒதுக்கிவைக்கும் கீரையைத் தன் கையால் விதைத்துப் பறித்த பிள்ளை ஒதுக்குவதில்லை என்பது தாய்மார்கள் அறிந்ததே.

ஆயினும் நான்கு பாத்தியால் நூறு பிள்ளைகளின் வயிறு நிறைந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. சமையலறைக்கு அது தருவது கொஞ்சம். வகுப்பறைக்குத் தருவதே அதிகம்.

நம் மணல் சொல்லும் பாடம்

இனி நம் ஊருக்கு வருவோம். காட்டுப்பள்ளி கிழக்கே வங்கக் கடலும், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும், தெற்கே எண்ணூர் முகத்துவாரமும், வடக்கே பழவேற்காடு ஏரியும் சூழ்ந்த நீண்ட மணல்மேடு. 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. 2010-ல் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் உருவாக்கும் நிலையம் தொடங்கப்பட்டது. 2013-ல் காட்டுப்பள்ளித் துறைமுகம் திறக்கப்பட்டது. வேலை வாய்ப்பும் வந்தது. அதற்கு ஈடாக நிலமும் நீரும் மாறின. இங்கு வளரும் பிள்ளை கப்பலையும், பளுதூக்கியையும், கன்டெய்னர் லாரியையும் அடையாளம் சொல்லும். அடம்பங்கொடி எது, உமரி எது, புன்னை எது என்று கேட்டால் சொல்லுமா?

நம் மணலுக்குள் ஓர் அற்புதமான அறிவியல் பாடம் ஒளிந்திருக்கிறது. கடலுக்கு இத்தனை அருகில் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைப்பது எப்படி? மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. உப்புநீரை விட நன்னீர் எடை குறைந்தது என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது ஐரோப்பிய அறிஞர் இருவர் கண்ட கணக்கு. இதை மறுபுறமாகவும் பார்க்க வேண்டும். மேலே ஓர் அடி குறைந்தால், கீழேயிருந்து உப்பு ஏறத்தாழ 40 அடி மேலேறக்கூடும். அளவோடு இறைத்தால் ஊற்று. அளவு மீறினால் உப்பு. மீஞ்சூர் வட்டாரத்தில் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீர் மிகுதியாக எடுக்கப்பட்டதால், 1960-களின் இறுதியிலிருந்தே கடல்நீர் நிலத்தடியில் உட்புகத் தொடங்கியது. நன்செய் வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் அதன் விலையைக் கொடுத்திருக்கின்றன.

இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் படித்தால் ஒரு மதிப்பெண் கிடைக்கும். பாத்தியில் படித்தால் வாழ்நாள் முழுவதும் நிற்கும். ஐப்பசி மழைக்குப் பின் கிணற்று நீர் எத்தனை அடியில் இருந்தது, பங்குனியில் எத்தனை அடிக்கு இறங்கியது, அப்போது நீரின் சுவை என்ன, எந்தச் செடியின் இலை நுனி முதலில் கருகியது, எது கருகாமல் நின்றது? ஒரு பிள்ளை இதை ஒரு நோட்டில் எழுதிவந்தால், ஐந்து ஆண்டுகளில் அந்தப் பள்ளியிடம் ஊரின் நீர் வரலாறே இருக்கும். நாளை ஓர் ஆலையோ சாலையோ குறித்து ஊராரின் கருத்தைக் கேட்கும் நாள் வந்தால், பயத்தாலோ ஆசையாலோ பேசாமல், அளந்தறிந்து பேசும் தலைமுறை நமக்குக் கிடைக்கும். துறைமுகத்தில் வேலைக்குப் போகும் பிள்ளைக்கும் இந்த அறிவு வேண்டும். கடலுக்குப் போகும் பிள்ளைக்கும் வேண்டும்.

விசுவாச வாழ்வுக்கும் இதில் பங்கு உண்டு. ஆண்டவர் விதைப்பவனையும், கடுகு விதையையும், கோதுமையிடையே முளைத்த களையையும் கொண்டு பேசினார். கேட்டவர்கள் மண்ணை அறிந்தவர்கள். ஒரு விதையையும் ஊன்றிப் பாராத பிள்ளைக்கு இந்த உவமைகள் காதோடு நின்றுவிடும்.

எவ்வாறு தொடங்கலாம்?

பெருந்தோட்டம் தேவையில்லை. நான்கு முழ நீளம், இரண்டு முழ அகலம் கொண்ட சில பாத்திகள் போதும். மணல் தண்ணீரைத் தாங்காது. ஆகவே மக்கிய சாணமும், இலைச் சருகும், கிடைத்தால் ஏரி வண்டலும் கலக்க வேண்டும். பாத்தியின் நடுவே ஒரு மண் கலயத்தைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பினால், அது மெல்லக் கசிந்து வேரை நனைக்கும், தண்ணீர் வீணாகாது. தண்டுக்கீரை ஒரு மாதத்தில் பறிப்புக்கு வரும். வெண்டை ஒன்றரை மாதம் கடந்ததும் காய்க்கத் தொடங்கும். வேர்க்கடலைக்கு மூன்றரை மாதம் வேண்டும். மூன்றையும் அடுத்தடுத்து விதைத்தால், மாண்டிசோரி அம்மையார் சொன்னபடி, பிள்ளை சலிக்காது, பொறுமையும் பழகும். வேலியோரம் முருங்கையும் பூவரசும் நடலாம்.

அனல்மின் நிலையங்களும் ஆலைகளும் அருகில் இருப்பதால் ஓர் எச்சரிக்கை அவசியம். உண்பதற்குப் பயிரிடுமுன் மண்ணையும் நீரையும் பரிசோதிக்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்துக்கென வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் திரூரில் உள்ளது. அங்கே ஆலோசனை கேட்கலாம். மண் சரியில்லை என்று முடிவு வந்தால் அதுவும் ஒரு பாடமே. அப்போது தொட்டிகளில் நல்ல மண் நிரப்பிக் கீரை வளர்க்கலாம். தரையில் மரம் நடலாம்.

பள்ளித் தோட்டங்களுக்குக் கோடை விடுமுறையே பெரிய சோதனை. ஜூனில் கொடி ஏற்றித் தொடங்கும் தோட்டம் மே மாதத்தில் கருகிவிடக் கூடாது. குறுகிய காலப் பயிர்களைச் சித்திரைக்குள் முடித்துவிட வேண்டும். மரக்கன்றுகளுக்கு மட்டும் விடுமுறையில் தண்ணீர் தேவை. வாரத்துக்கு ஒரு அன்பியம் முறைவைத்து அதை ஏற்றுக்கொண்டால் சுமை யாருக்கும் இல்லை. விவசாயம் செய்த தாத்தாக்களும், கீரை விற்ற பாட்டிமார்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மாதம் ஒரு மணி நேரம் அவர்கள் வந்து பிள்ளைகளோடு அமர்ந்தால், அச்சில் ஏறாத எத்தனையோ அறிவு அழியாமல் காக்கப்படும்.

செடிகளின் பெயர் அறிவதிலும் நமக்கு முன்னோடிகள் உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் சேசு சபைக் குரு கே. எம். மத்தேயு 1967-ல் நிறுவிய ரபினா செடித் தொகுப்பகம் அதற்குச் சான்று. தமிழகத் தாவரங்கள் பற்றிய அவருடைய பெருநூல் 1980-களில் வெளிவந்தது. ஒரு பழைய நோட்டில் உலர்ந்த இலையை ஒட்டி, ஊரில் வழங்கும் பெயரைக் கீழே எழுதும் சிறுமியும் அதே பணியைத் தன் அளவில் செய்கிறாள்.

விழா ஆண்டில் நாம் பல காணிக்கைகளைத் தருகிறோம். சுவரில் பெயர் பொறித்த கல் நிற்கும், நிற்கட்டும். அத்துடன் பள்ளிக் கிணற்றடியில் நான்கு பாத்தி நிலத்தைச் சிமெண்டிலிருந்து காத்து, பிள்ளைகள் பெயரில் எழுதிவைப்போம். ஹைன்சென்டார்ஃப் என்னும் சிற்றூரின் குருவும் ஆசிரியரும் பழமரம் வளர்க்கக் கற்றுக்கொடுத்தபோது, அப்பிள்ளைகளுள் ஒருவன் பின்னாளில் என்ன ஆவான் என்று அவர்கள் அறிந்திருக்கவில்லை. நம் பாத்தியில் இன்று கீரை விதைக்கும் பிள்ளை யார் என்பதை நாமும் அறியோம். விதைப்பது நம் கடமை. விளையச் செய்பவர் இறைவன்.